பதினொரு வருஷம் பிரிக்காத பை

திண்டிவனம் மேம்பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு வங்கிக் கிளை இருக்கிறது. அதற்கு நேர் எதிரில் பத்தொன்பது வருஷமாக ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஆதார் நகல் இரண்டு ரூபாய், பாரம் நிரப்பிக் கொடுத்தால் இருபது ரூபாய். வங்கிக்குள்ளே நடப்பது மேலாளரைவிட எனக்குத்தான் அதிகம் தெரியும் என்று நான் சொன்னால் என் மனைவி சிரிக்கிறாள். சிரிக்கட்டும். மேலாளர்கள் மூன்று வருஷத்துக்கு ஒருமுறை மாறிப் போகிறார்கள். நான் இங்கேயேதான் இருக்கிறேன். விருத்தாசலமும் இங்கேயேதான் இருக்கிறார்.

விருத்தாசலம் அந்தக் கிளையின் நகை மதிப்பீட்டாளர். உள்ளே இருப்பவர்கள் அவரை ‘அப்ரைசர் சார்’ என்பார்கள். கிராமத்து ஜனங்களுக்கு அவர் ‘பத்தர்’. வங்கிக்குள் உட்கார்ந்திருந்தாலும் அவர் வங்கி ஊழியர் இல்லை. சம்பளம் கிடையாது, பென்ஷன் கிடையாது. அடகுக்கு வரும் நகையை உரைத்துப் பார்த்து, எடை போட்டு, இது தங்கம்தான் என்று கையெழுத்துப் போட்டால் கமிஷன். கையெழுத்து தப்பாகிப் போனால் நஷ்டம் முழுதும் அவர் தலையில். கூட வேலை பார்ப்பவர்கள் ஏசிக்கு நேராக உட்கார்ந்திருக்க, இவர் லாக்கர் அறைக் கதவோரம் ஒரு மரமேசை போட்டு, உரைகல், அரம், சின்னக் கத்திரி, தராசு எல்லாவற்றையும் விரித்து வைத்துக்கொண்டு பத்திலிருந்து நாலு வரை எழுந்திருக்க மாட்டார். மதியம் தயிர்சாதத்தை ஆறு நிமிஷத்தில் முடிப்பார். டீக்குக்கூட வெளியே வந்து நான் பார்த்ததில்லை.

நல்ல மனுஷர் என்று ஊருக்குள் பெயர். அந்தப் பெயரைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன்.

இந்தப் பக்கத்தில் நகைக்கடன் எப்படி நடக்கும் என்று தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. மார்கழியில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, விதைக்கப் பணம் வேண்டும். வீட்டிலிருக்கும் சங்கிலியை வங்கியில் வைப்பார்கள். பத்தர் பார்த்து எழுதியதும் நகையை ஒரு சின்னத் துணிப்பையில் போட்டு, நூல் கட்டி, முத்திரை வைத்து, பெயரும் நம்பரும் எழுதிய சீட்டை ஒட்டி லாக்கருக்குள் வைத்துவிடுவார்கள். வருஷம் முடிந்ததும் அசலைக் கட்ட யாரிடம் பணம் இருக்கிறது? வட்டியை மட்டும் கட்டி, ஒரு பாரத்தில் கையெழுத்துப் போட்டால் கடன் இன்னொரு வருஷத்துக்குப் புதுசாகிவிடும். ‘மாத்தி வைக்கிறது’ என்று இதற்குப் பெயர். பையை யாரும் பிரிப்பதில்லை. பழைய சீட்டைக் கிழித்துவிட்டுப் புதுச் சீட்டை ஒட்டுவார்கள், அவ்வளவுதான். நகையைக் கண்ணால் பார்த்தே பல வருஷம் ஆனவர்கள் இந்த ஊரில் நூற்றுக்கணக்கில் இருக்கிறார்கள்.

அப்படி ஒருத்திதான் அஞ்சம்மாள். ஓமந்தூருக்குப் பக்கத்தில் ஒரு குக்கிராமம். புருஷன் சீனுவாசன் லாரியில் அடிபட்டுப் போனபோது மகள் கலைமதிக்குப் பன்னிரண்டு வயது. விபத்துக்கு வந்த பணத்தில் மகளுக்கென்று ஆறு சவரனில் ஒரு சங்கிலி வாங்கினாள். புதுச்சேரி ரோட்டில் அப்போது ஒரு நகைக்கடை புதுசாகத் திறந்து, கூலி சேதாரம் இல்லை என்று ஆட்டோவில் மைக் வைத்துக் கூவிக்கொண்டிருந்தார்கள். அங்கே வாங்கினாள். அந்த வருஷமே, இரண்டாயிரத்துப் பதினாலு மார்கழியில், சங்கிலியைக் கொண்டுவந்து வங்கியில் வைத்து எண்பத்தைந்தாயிரம் கடன் வாங்கினாள். பாரம் நிரப்பியது நான்தான்.

அன்றைக்கு வங்கியில் நிற்க இடமில்லை. விருத்தாசலம் கொக்கியை ஒட்டி ஒரே இடத்தில் உரைத்துப் பார்த்தார். கல்லில் விழுந்த கோடு நல்ல தங்கமாக இருந்தது. எடை சரி. கையெழுத்துப் போட்டார். பை லாக்கருக்குள் போனது.

பத்து நாள் கழித்து வேறொரு ஊர்க்காரர் அதே கடையில் வாங்கிய, அதே வார்ப்பில் ஒரு சங்கிலியோடு வந்தார். கூட்டம் இல்லாத நாள். விருத்தாசலம் சாவகாசமாக நடுக்கண்ணி ஒன்றை அரத்தால் ஆழமாகத் தேய்த்தார். மேலே தங்கம், உள்ளே சிவப்பாகச் செம்பு. கொக்கியும் இரண்டு பக்கத்துக் கண்ணிகளும் மட்டும் அசல். அந்த ஆளை ‘இதுக்குக் கடன் வராது’ என்று திருப்பி அனுப்பிவிட்டு, அவர் அன்று தயிர்சாதம் சாப்பிடவில்லை. சாயங்காலம் புதுச்சேரி ரோட்டுக்குப் போய்ப் பார்த்தார். கடையில் பூட்டுத் தொங்கியது.

இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தது. அன்றைக்கே அவர் மேலாளரிடம் போய்ச் சொல்லியிருக்கலாம். சொன்னால் எண்பத்தைந்தாயிரம் அவர் கட்ட வேண்டும். மதிப்பீட்டாளர் பட்டியலிலிருந்து பெயரை அடித்துவிடுவார்கள். மூத்த மகளுக்கு அப்போதுதான் வரன் பார்த்துக்கொண்டிருந்தார். போலி நகை வைத்ததாக அஞ்சம்மாள் மேல் போலீஸ் கேஸ்கூட வரும். “அந்தப் பொம்பளய ஸ்டேஷன்ல ஒக்கார வெக்க எனக்கு மனசு வரல” என்று என்னிடம் சொன்னார். அது பொய் இல்லை. முழு உண்மையும் இல்லை. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் மனிதர் பதினொரு வருஷம் குடித்தனம் நடத்தினார்.

அவர் போட்ட கணக்கு சுலபமானது. பை பிரியாத வரைக்கும் அதற்குள் இருப்பது தங்கம். அஞ்சம்மாள் வருஷா வருஷம் வட்டி கட்டி மாற்றி வைக்கட்டும். அதற்குள் தானே கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, ஆறு சவரனில் அதே மாதிரி ஒரு சங்கிலி செய்து, ஒருநாள் எப்படியாவது மாற்றி வைத்துவிடலாம். கமிஷனிலிருந்து மிச்சம் பிடித்து ஒரு கிராம், அரை கிராம் காசாக வாங்கி ஒரு தகர டப்பாவில் போட்டு வந்தார். ஆனால் தங்கம் ஏறிய வேகத்துக்கு அவரால் ஓட முடியவில்லை. அவர் ஆரம்பிக்கும்போது சவரன் இருபதாயிரம். போன மார்கழியில் லட்சம். பதினொரு வருஷத்தில் டப்பாவில் சேர்ந்தது மூன்று சவரன்.

அஞ்சம்மாள் ஒவ்வொரு மார்கழியும் வருவாள். என் கடையில் பாரம் எழுதிக்கொண்டு உள்ளே போவாள். இரண்டு தடவை வட்டிக்கே பணம் பற்றாமல் நின்றபோது விருத்தாசலம் தன் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். “கோயில்ல இருக்க வேண்டிய மனுசன் தம்பி, பேங்குல ஒக்காந்துக்கினு கீறாரு” என்று அவள் என்னிடம் வந்து சொன்னாள். தங்கம் ஏறிவிட்டதே, அதே நகைக்கு இன்னும் கூடுதலாகக் கடன் கேட்கலாமே என்று பக்கத்து வீட்டுக்காரிகள் அவளைத் தூண்டினார்கள். கூடுதல் கடன் என்றால் பையைப் பிரித்துத் திரும்ப உரைக்க வேண்டும். விருத்தாசலம் சொன்னார்: “கடன ஏத்தாதம்மா. ஏத்துனா எறக்க முடியாது.” எவ்வளவு நல்ல புத்தி என்று நானும்தான் மெச்சினேன்.

வருஷத்துக்கு ஒருமுறை வெளியிலிருந்து ஆடிட் வரும். பத்துப் பைகளை எடுத்துப் பிரித்து வேறொரு பத்தரை வைத்து உரைப்பார்கள். அந்த நாளில் மட்டும் விருத்தாசலம் மேசையில் நிலையாக உட்கார மாட்டார். அவர் கழிப்பறைக்கும் மேசைக்கும் நடப்பதைப் பார்த்துக் கிளையில் எல்லாரும் கிண்டல் பண்ணுவார்கள். அஞ்சம்மாளின் பை ஒருமுறைகூட அந்தப் பத்தில் வரவில்லை. அதை அவர் அதிர்ஷ்டம் என்று நினைத்தார்.

ஆனால் அவர் செய்ததில் மன்னிக்க முடியாதது ஒன்று உண்டு. எட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு சித்திரையில் மல்லாட்டைக்கு நல்ல விலை. அஞ்சம்மாள் மஞ்சப்பையில் தொண்ணூறாயிரத்தைச் சுருட்டிக்கொண்டு கலைமதியையும் கூட்டிக்கொண்டு வந்தாள். நகையைத் திருப்பப் போகிறேன் என்று என்னிடம் சொன்னபோது அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் வேறு எந்த முகத்திலும் பார்த்ததில்லை. உள்ளே போய் அரை மணி நேரத்தில் திரும்பி வந்தாள். பணம் பையிலேயே இருந்தது.

“பத்தரு சொல்றாரு, ஒண்டிப் பொம்பள வூட்ல ஆறு சவரன வச்சிக்கினு எப்பிடித் தூங்குவேன்னு. அது இங்கயே பத்திரமா இருக்கட்டும், இந்தப் பணத்துல போர் போடும்மான்றாரு. மூணு போகம் வெளையுமாம்.”

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. போடுங்கம்மா என்றேன். முந்நூற்று நாற்பது அடி இறக்கினார்கள். தண்ணீருக்குப் பதில் புகைதான் வந்தது. தொண்ணூறாயிரமும் அந்தக் குழிக்குள் போனது. அதற்குப் பிறகு அவள் கையில் அவ்வளவு பணம் சேரவே இல்லை.

போன வருஷம் வங்கிச் சுவரில் ஒரு தாள் ஒட்டினார்கள். ரிசர்வ் வங்கி உத்தரவுப்படி இனிமேல் வட்டி மட்டும் கட்டி நகைக்கடனை மாற்றி வைக்க முடியாது. அசலும் வட்டியும் முழுதாகக் கட்டி, நகையை வெளியே எடுத்து, மறுநாள்தான் திரும்ப வைக்கலாம். திரும்ப வைக்கும்போது வாடிக்கையாளர் முன்னாலேயே தரம் பார்க்கப்படும். தமிழில்தான் எழுதியிருந்தது. ஆனாலும் நாலு நாளைக்கு எல்லாரும் என் கடைக்கு வந்து, இதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டார்கள். எண்பதாயிரம், ஒரு லட்சத்தை ஒரே நாளில் எங்கிருந்தாவது புரட்ட வேண்டும் என்று அர்த்தம், என்றேன். கெட்ட வார்த்தையில் திட்டியவர்கள் உண்டு. நானும் திட்டினேன். மேலே உட்கார்ந்து உத்தரவு எழுதுகிறவர்கள் ஒரே ஒரு மார்கழி மாசம் இங்கே என் பெஞ்சில் வந்து உட்காரட்டும் என்று கத்தினேன்.

கிளை மேலாளர் சங்கவி மேடம் நல்ல பெண். கோயம்புத்தூர்ப் பக்கம். “என்ன பண்றதுங்க, கடனையே கடனா மாத்திட்டுப் போனா ஜனங்க முங்கிருவாங்கன்னுதான் இந்த ரூல் வந்துருக்கு. மேல இருந்து வர்றத நான் மாத்த முடியாதுங்க” என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அந்த நியாயம் அன்றைக்கு யாருக்கும் சோறு போடவில்லை.

சோறு கிடைத்தது வட்டிக்கு விடும் தாண்டவராயனுக்கு. பக்கத்து டீக்கடையில் ஒரு தோல்பையோடு வந்து உட்கார்ந்தான். காலையில் பணம் கொடுப்பான். நகையை மீட்டதும் கவுன்ட்டரிலேயே வாங்கிக்கொள்வான். மறுநாள் நகையை வைத்தோ விற்றோ பணத்தைக் கொடுத்தால் நகை திரும்பும். ஒரு நாளைக்கு லட்சத்துக்கு ஆயிரம் ரூபாய். லட்சத்துக்குக் கீழே இருந்தாலும் ஆயிரம்தான். வாங்கிய நகையை ராத்திரி அவன் சும்மா வைத்திருக்க மாட்டான். சொந்தத்தில் ஒரு பத்தரை வைத்து அரத்தால் தேய்த்துப் பார்த்துவிடுவான். இதை அவனே பெருமையாகச் சொல்லிக்கொள்வான்.

போன மார்கழியில் அஞ்சம்மாள் வழக்கம்போல ஆறாயிரம் வட்டியோடு வந்தாள். வங்கிக்குள் போய்விட்டு வந்து என் பெஞ்சில் உட்கார்ந்தாள். தொண்ணூற்றோராயிரம் கட்டச் சொல்கிறார்கள், கட்டாவிட்டால் ஏலம் என்கிறார்கள் என்றாள். அழுவாள் என்று நினைத்தேன். அவள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள்.

“தம்பி, சவரன் லச்ச ரூபான்றாங்களே, மெய்யாவா?”

“மெய்தான்மா.”

“அப்பன்னா ஆறு லச்சம். ரெண்டு சவரன வெட்டி வித்தா கடனும் தீந்துரும், கல்யாணச் செலவும் ஆயிரும். மிச்சம் நாலு சவரன் கலைமதி கழுத்துல. அனந்தபுரத்துலேந்து பொண்ணு பாத்துட்டுப் போனாங்க. என்னா போடுவீங்கன்னு கேட்டதுக்கு வாயத் தொறக்காம ஒக்காந்திருந்தேன். இந்த ரூலு வந்ததும் நல்லதுக்குத்தான். இல்லன்னா மாத்தி வச்சிக்கினே இருந்திருப்பேன்.”

அங்கிருந்தே அனந்தபுரத்துக்குப் போன் போட்டாள். நாலு சவரன் போடுகிறேன், தையிலேயே முடித்துக்கொள்ளலாம் என்றாள். பிறகு எழுந்து டீக்கடைப் பக்கம், தாண்டவராயனிடம் போனாள்.

அப்போதுதான் நான் பத்தொன்பது வருஷத்தில் பார்க்காததைப் பார்த்தேன். பதினொன்றரை மணிக்கு விருத்தாசலம் வங்கியை விட்டு இறங்கி, செருப்புக்கூடப் போடாமல், ஆரன் அடிக்கும் பஸ்ஸைக் கவனிக்காமல் ரோட்டைக் கடந்து ஓடி வந்தார்.

“அவங்கிட்ட வாங்காதம்மா. நான் தர்றேன். வட்டி வேணாம். சங்கிலியும் ஒங்கிட்டயே இருக்கட்டும். நாளைக்கி வரைக்கும் டைம் குடு.”

தாண்டவராயன் சிரித்தான். “இன்னா சாரு, நம்ம தொழிலுக்கு வந்துட்டீங்களா?”

அஞ்சம்மாள் வெட்டி விற்கிற கணக்கை அவரிடமும் சொல்லிவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டாள். விருத்தாசலம் அந்தக் கும்பிடைப் பார்க்காமல் திரும்பி நடந்தார்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் அவர் விழுப்புரம் போனார். திண்டிவனத்தில் அவரைத் தெரியாத அடகுக் கடை இல்லையே. மனைவியின் நாலு வளையலை ஒரு கடையில் வைத்தார். அங்கே ஒரு பையன் வளையலை உரைத்து, எடை போட்டு, பூதக்கண்ணாடியில் பார்த்து, இவர் முகத்தையும் ஏற இறங்கப் பார்த்தானாம். டப்பாவிலிருந்த மூன்று சவரனை அவர் தொடவில்லை. அது அஞ்சம்மாளுடையது என்று அவர் மனசுக்குள் எழுதி வைத்திருந்தார். அவர் திட்டம் இதுதான்: கடன் தீரட்டும், வெட்டி விற்றுத் தருகிறேன் என்று சொல்லிச் சங்கிலியைக் கையில் வாங்கிவிட வேண்டும், வீட்டுப் பத்திரத்தை வைத்து இரண்டு லட்சம் வாங்கி, விற்ற பணம் என்று கொடுக்க வேண்டும், டப்பாத் தங்கத்தோடு இன்னும் ஒரு சவரன் சேர்த்து நாலு சவரனில் சங்கிலி செய்துவிட வேண்டும். எல்லாம் மூன்று வாரத்தில். அவர் சொல்லக் கேட்டபோது, முடிந்திருக்குமோ என்றுகூட எனக்குத் தோன்றியது.

பதினொரு மணிக்குப் பணம் கட்டினார்கள். பையைக் கொண்டுவந்து அஞ்சம்மாள் முன்னாலேயே முத்திரையை உடைத்தார்கள். நகல் கொடுக்கப் போன நான் கவுன்ட்டர் பக்கத்தில் நின்றிருந்தேன். லாக்கர் அறையின் ஈரமோ, பதினொரு வருஷத்துக் காலமோ, சங்கிலியின் கண்ணிகள் சேரும் இடமெல்லாம் பச்சையாகக் களிம்பு பூத்திருந்தது.

“இன்னாங்க பத்தரே, இப்பிடிப் பச்சை புடிச்சிக் கெடக்குது?”

“அழுக்கும்மா. ரொம்ப நாளா பைக்குள்ள இருந்துது இல்ல. கழுவுனா போயிடும்.”

சங்கவி மேடம் சங்கிலியைப் பார்த்தார். பிறகு விருத்தாசலத்தைப் பார்த்தார். கடன் முடிந்துவிட்டது. நகை வங்கியுடையது இல்லை. அவர் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அஞ்சம்மாள் சங்கிலியை முந்தானையில் முடிந்துகொண்டு என் கடைக்கு வந்தாள். பின்னாலேயே விருத்தாசலமும் தன் தோல்பையோடு வந்தார். குடும்மா, நான் வெட்டி வித்துத் தர்றேன் என்று கை நீட்டினார். அவள் தயங்காமல் கொடுத்தாள். கொடுத்துவிட்டுச் சுவர்க் காலண்டரைப் பார்த்தாள்.

“பத்தரே, பன்னண்டு வரைக்கும் நல்ல நேரம் கீது. ஒங்க ராசியான கையால இங்கயே வெட்டிடுங்க. எம் பொண்ணு கல்யாணக் காரியம் இதான் மொதல்ல ஆரம்பிக்குது. எங்க வூட்ல ஆம்பளன்னு யாரு கீறாங்க?”

வீட்டில் தராசு இருக்கிறது, சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம் என்றார். ரெண்டு சவரன எடை போட்டு அப்புறமா வெட்டிக்கோங்க, இப்ப சாஸ்திரத்துக்கு ஒரு வெட்டு வெட்டுங்க என்றாள் அவள். அவர் என்னைப் பார்த்தார். எனக்கு ஒன்றும் தெரியாதே. வெட்டுங்க சார், நல்ல நேரம் போய்க்கினு இருக்கு என்று நானும் சொன்னேன். கடையில் கரண்ட் போய் மெஷின் நின்றிருந்தது.

அவர் பையைத் திறந்து கத்திரியை எடுத்தார். கொக்கியை ஒட்டி வெட்டியிருக்கலாம். அங்கே தங்கம் இருந்தது. தப்பித்திருக்கலாம். ஏனோ அவர் நடுக்கண்ணியைப் பிடித்தார். வெட்டினார். இரண்டு துண்டையும் என் கண்ணாடி மேசைமேல் வைத்தார். வெட்டின வாய் சிவப்பாக இருந்தது.

அஞ்சம்மாள் குனிந்து பார்த்தாள். விரலால் தொட்டுப் பார்த்தாள். அவளுக்கு முதலில் தோன்றியது, யாருக்கும் தோன்றுகிறதுதான்.

“பேங்குல மாத்திட்டாங்களா? ஐயோ பத்தரே, பேங்குல மாத்திட்டாங்க! வாங்க, போய்க் கேப்போம்.”

அவர் அவள் கையைப் பிடித்து நிறுத்தினார். அவள் சொன்னதை அவர் அப்படியே விட்டிருக்கலாம். இத்தனை வருஷம் பொய்யில் குடியிருந்தவர், அந்த ஒரு பொய்க்குள் மட்டும் போகவில்லை.

“யாரும் மாத்தலம்மா. நீ வச்சப்பவே இதான். கடைக்காரன் ஏமாத்திட்டான். நான் சரியா பாக்கல.”

“ஒங்களுக்கு எப்பத் தெரியும்?”

“நீ வச்ச பத்தாம் நாளு.”

அவள் பெஞ்சில் உட்கார்ந்தாள். விரலை மடக்கி எதையோ எண்ணினாள். அழவில்லை, மண்ணை வாரித் தூற்றவில்லை. அதெல்லாம் செய்திருந்தால் எங்கள் இரண்டு பேருக்கும் சுலபமாக இருந்திருக்கும்.

“அப்பன்னா, மஞ்சப்பையில நான் பணம் எடுத்தாந்தப்போ ஒங்களுக்குத் தெரியும்.”

அவர் கத்திரியைப் பைக்குள் வைத்தார்.

“கலைமதியும் அன்னிக்கி எங்கூட வந்திருந்தா. அதுக்கு ரெண்டு முட்டாய் குடுத்தீங்க. போர் போடும்மான்னீங்க. செம்புக்கு வருசா வருசம் ஆறாயிரம் ஆறாயிரமா கட்டுனேன். கட்டும்போதெல்லாம் ஒங்களக் கும்புட்டேன்.” பெஞ்சிலிருந்து எழுந்தபடி, “நல்லவரு மாதிரியே இருந்தீங்களே” என்றாள்.

சங்கிலித் துண்டுகளை அங்கேயே விட்டுவிட்டு அவள் பஸ் ஏறிப் போய்விட்டாள். விருத்தாசலம் மூன்று மணி வரைக்கும் என் கடையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். எனக்கு அவர்மேல் வந்த கோபத்தில் பாதி என்மேல் வந்த கோபம். போர் போடுங்கம்மா என்று நானும்தானே சொன்னேன். வருஷா வருஷம் அந்தப் பாரத்தை எழுதி இருபது ரூபாய் வாங்கினேனே.

அந்த உத்தரவை நான் எவ்வளவு திட்டினேன்! அது பதினொரு வருஷத்துக்கு முன்னால் வந்திருந்தால், முதல் வருஷமே பை பிரிந்திருக்கும். அவளுக்கு அறுபதாயிரம் வட்டியும் போரில் போன பணமும் மிஞ்சியிருக்கும். வந்ததும் இப்படி வந்தது, தாண்டவராயனைக் கூட்டிக்கொண்டு வந்தது. யாரைக் காப்பாற்ற எழுதினார்களோ அவர்கள்தான் டீக்கடையில் ஆயிரம் ரூபாய் கொடுத்துக்கொண்டு நிற்கிறார்கள். இதில் யாரைத் திட்டுவது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

அஞ்சம்மாள் புகார் கொடுக்கவில்லை. கொடுத்தால் போலி நகை வைத்தவள் என்று முதலில் அவளைத்தான் கேட்பார்கள். வங்கிக் கணக்கில் எல்லாம் ஒழுங்கு: கடன் முடிந்தது, பை திரும்பிப் போனது. தை மாசம் மண்டல அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. பழைய பைகள் எல்லாம் பிரித்தும் இந்தக் கிளையில் ஒரு போலி நகைகூடக் கணக்கில் வரவில்லையாம், மதிப்பீட்டாளருக்குப் பாராட்டு. சங்கவி மேடம் அதை எல்லார் முன்னாலும் வாசிக்கவில்லை. உறையோடு விருத்தாசலத்தின் மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

மாசி பிறந்து நாலாம் நாள் அஞ்சம்மாள் என் கடைக்கு வந்தாள். பத்தரைக் கூப்பிடு தம்பி என்றாள். போன் போட்டேன். அவர் வந்தார். இடது கையில் அந்தத் தகர டப்பா இருந்தது. அன்றிலிருந்து அதை வங்கிக்கே எடுத்துக்கொண்டு வருகிறார் போல.

அவள் மஞ்சப்பையிலிருந்து பணத்தை எடுத்து என் மேசையில் எண்ணி வைத்தாள். தொண்ணூற்றோராயிரம். அதன் மேல் தனியாக ஓர் ஆயிரம்.

“இது எதுக்கும்மா?”

“ஒரு நாள் வட்டி. தாண்டவராயங்கிட்ட வாங்கியிருந்தா அதான குடுத்திருப்பேன். போர் போட்ட காணிய வித்துட்டேன்.”

“ஒங்கிட்ட நான் பணம் வாங்க மாட்டேம்மா. அது நான் கட்ட வேண்டிய கடன்.”

“எம் பேர்ல இருந்த கடன். நான்தான் வாங்குனேன், நான்தான் தின்னேன்.”

அனந்தபுரத்துக்காரர்களிடம் அவள் உள்ளதைச் சொல்லிவிட்டாளாம். வைகாசியில் பார்க்கலாம் என்றார்களாம். வைகாசி என்றால் என்ன அர்த்தம் என்று கலைமதிக்கும் தெரியும் என்றாள். 

விருத்தாசலம் டப்பாவைத் திறந்து அவள் முன்னால் நகர்த்தினார். ஒரு கிராம், அரை கிராம் காசுகள். நகர்த்திய வேகத்தில் இரண்டு காசு மேசையில் உருண்டன.

“மூணு சவரன் இருக்குதும்மா. பதினோரு வருசமா ஒனக்காகத்தான் சேத்தேன். இத வச்சிக் கல்யாணத்த முடி. மீதிய நான் எப்பிடியாவது குடுத்துடறேன். அத்தனயும் சுத்தத் தங்கம்மா.”

அஞ்சம்மாள் ஒரு காசை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு அதை டப்பாவிலேயே போட்டாள்.

“தங்கம்னு யாரு சொல்றது பத்தரே? நீங்கதான?”

பையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு மேம்பாலத்துப் பக்கம் நடந்து போனாள்.

அவர் ரொம்ப நேரம் டப்பாவை மூடாமல் உட்கார்ந்திருந்தார். எதிரே வங்கிக் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் நாலு பேர் கையில் நகையோடு அவருக்காகக் காத்திருந்தார்கள்.